குயவராகப் போன பட்டதாரி: குருசரண் சிங்கின் கதை

1918 ஆம் ஆண்டு ஜம்முவிலுள்ள பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரியில் புவிச்சரிதவியல் படித்துப் பட்டம் பெற்று வெளியே வந்தார் ஓர் இளைஞர். அந்தக் காலத்தில் பட்டதாரி என்றால் அரசாங்க உத்தியோகம் காத்திருக்கும். சுரங்கக் கம்பனிகளும் கல்லூரிகளும் கூப்பிடும். ஸ்ரீநகரில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்த குருசரண் சிங் இவை எதற்கும் போகவில்லை. டில்லியில் ஒரு மட்பாண்டப் பட்டறைக்கு வேலை பழகப் போனார்.

இந்தியாவில் பானை வனைவது ஒரு சாதியின் தொழில். நம் ஊரிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் குயவர் என்பது சாதிப் பெயர். சிங்களக் கிராமங்களிலும் மட்பாண்டம் செய்வோர் தனிச் சாதியாகவே வைக்கப்பட்டார்கள். அந்தச் சாதியில் பிறக்காத, அதுவும் ஆங்கிலத்தில் படித்த ஒருவர், தானாக விரும்பிக் களிமண்ணில் கைவைப்பது அன்று கேள்விப்படாத விடயம். இன்று இந்தியாவில் நவீன மட்பாண்டக் கலையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

நான் பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். 1983 க்குப் பிறகு பல மலையகக் குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் வன்னிக்குப் போனது. 2009 இல் எல்லோரையும் போல முகாமுக்குள் இருந்தோம். பிறகு நான் பதுளைக்கே திரும்பிவந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். ஏதாவது ஒரு தொழில் பழக வேண்டும் அண்ணா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கதைகளில் குருசரண் சிங்கின் கதையும் ஒன்று. அதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

டில்லியும் நீலமும்

பிரித்தானிய அரசு 1911 இல் இந்தியாவின் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தது. புதிய நகரம் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் செங்கலுக்கு ஓயாத தேவை இருந்தது. ராம்சிங் காபுலி என்பவர் செங்கல் ஒப்பந்தக்காரர். குருசரணின் தகப்பனாருக்குச் சிநேகிதர். செங்கல் சூளைகளோடு ஒரு மட்பாண்டப் பட்டறையையும் அவர் நடத்திவந்தார். அங்கே அப்துல்லா என்ற பட்டாணியக் குயவர் வேலை செய்தார். குருசரணுக்கு வாய்த்த முதல் குரு அவர்தான்.

டில்லியின் பழைய கல்லறை மாடங்களில் இன்றும் நீல ஓடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பாரசீகத்திலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த கைவினைஞர்கள் கொண்டுவந்த நீலம் அது. அந்த வித்தை தெரிந்தவர்கள் அருகிவந்த காலத்தில் அப்துல்லாவின் கையில் அது மிஞ்சியிருந்தது.

அதில் இருக்கும் சூட்சுமம் விசித்திரமானது. கார உப்புக் கூடிய கண்ணாடிப் பூச்சில் செம்பைக் கலந்து சுட்டால் மயில்கழுத்து நீலம் வரும். அதே செம்பை ஈயம் கலந்த பூச்சில் போட்டால் பச்சையாகிவிடும். காற்றைக் குறைத்துப் புகை கட்டிய சூளையில் சுட்டால் செம்பு சிவப்பாகவும் மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நீலப் பூச்சு சாதாரணக் களிமண்ணில் சரியாகப் பிடிக்காது, வெடிக்கும், உரியும். ஆகவே வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைத்து, அதைப் பிணைத்து உருக்கொடுப்பார்கள். மாவுக்கல்லாகையால் அதைச் சக்கரத்தில் வனைய முடியாது. அச்சில் அழுத்தித்தான் எடுக்க வேண்டும்.

கல்லூரியில் கல்லின் பெயரும் வகையும் படித்த ஒருவருக்கு, அதே கல் மனிதர் கையில் நிறமாக மாறுவதைக் கண்டது எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பட்டதாரி, பட்டமில்லாத ஒருவரிடம் உட்கார்ந்து படித்தார். அவர் வாழ்க்கையின் மற்ற எல்லாமே அந்த உட்கார்ந்திருத்தலிலிருந்து தொடங்கியது.

தோக்கியோவில் மூன்று ஆண்டுகள்

1919 இல் ராம்சிங் அவரை ஜப்பானுக்கு அனுப்பிவைத்தார். ஐரோப்பாவின் தொழில்நுட்பத்தையும் தன் பழைய கைவினையையும் சேர்த்து வைத்துக்கொண்ட ஆசிய நாடு என்று இந்தியர்கள் ஜப்பானைப் பார்த்த காலம் அது. குருசரண் தோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். களிமண்ணின் இரசாயனம், பூச்சுகளின் கணக்கு, சூளையின் வெப்பம் என்று எல்லாமே அங்கே பாடங்கள். பின்னாளில் ஜப்பானின் மிகப் பெரிய குயவர்களாக எண்ணப்பட்ட கவாய் கன்ஜிரோவும் ஹமாடா ஷோஜியும் அதே பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன்பு படித்து முடித்தவர்கள்.

ஆனால் அவருக்குக் கிடைத்த பெரிய படிப்பு பள்ளிக்கு வெளியே இருந்தது. பேர்னாட் லீச் என்ற ஆங்கிலேயர் அப்போது ஜப்பானில் மட்பாண்டம் செய்துகொண்டிருந்தார். லீச்சின் கதையைச் சொல்லாமல் குருசரணின் கதையைச் சொல்ல முடியாது.

லீச் 1887 இல் ஹொங்கொங்கில் பிறந்தவர். பிறந்த உடனேயே தாய் இறந்துவிட, ஜப்பானில் இருந்த தாத்தா பாட்டியிடம் சிறு பிராயத்தைக் கழித்தார். இலண்டனில் ஓவியம் படித்தார். இடையில் வங்கி வேலை பார்த்து, அதை விட்டார். 1909 இல் செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் கலையைச் சொல்லிக்கொடுப்பதற்காக ஜப்பானுக்குத் திரும்பிப் போனார். அதாவது ஆசிரியராகப் போனார். 1911 இல் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் அவருடைய வாழ்க்கை திசைமாறியது. விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பாத்திரமும் தூரிகையும் கொடுத்து வரையச் சொன்னார்கள். வரைந்ததற்குப் பூச்சுக் கொடுத்து அங்கேயே ஒரு சிறு சூளையில் வைத்தார்கள். சற்று நேரத்தில் செந்தணலாய் ஒளிர்ந்த பாத்திரங்களைக் குறடால் பிடித்து வெளியே எடுத்தார்கள். ராக்கு என்பது அந்த முறையின் பெயர். அதைக் கண்ட லீச், தனக்கு இதைச் சொல்லித்தர ஒரு குரு வேண்டும் என்று தேடப் புறப்பட்டார்.

கிடைத்தவர் உரானோ ஷிகெகிச்சி. வயதானவர், ஏழை, தோக்கியோவின் வறிய பகுதியொன்றில் இருந்தார். தொழிற்சாலைப் பீங்கான் சந்தையை நிறைத்த காலத்தில் ஒதுக்கப்பட்டுப்போன பழைய கைவினைஞர். ஆனால் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. 1663 இல் பிறந்து 1743 இல் மறைந்த ஒகாட்டா கென்ஸான் என்ற கியோத்தோக் குயவரின் பெயரை, குருவிடமிருந்து மாணவன் என்று கைமாறி வந்த வரிசையில் ஆறாவதாகத் தாங்கியவர் அவர்.

ஜப்பானியப் பட்டறையில் வேலை பழகப் போகிறவன் எடுத்த எடுப்பில் சக்கரத்தில் உட்கார மாட்டான். பட்டறையைக் கூட்டுவான், மண்ணைச் சலித்து மிதிப்பான், விறகு அடுக்குவான், குருவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மண்ணைப் பிசைவதே ஒரு படிப்பு. பிசையும்போது செவ்வந்திப்பூ இதழ்களைப் போல மடிப்புகள் விழுவதால் அந்தப் பிசைதலுக்குச் செவ்வந்தியின் பெயரே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மிஞ்சினாலும் சூளையில் பாத்திரம் கெடும்.

லீச்சுக்கு மொழி அரைகுறை. டொமிமோத்தோ கென்கிச்சி என்ற நண்பர் மொழிபெயர்க்கக் கூடவே போனார். மொழிபெயர்க்கப் போனவரும் குயவரானார். பின்னாளில் நாட்டின் உயர்ந்த கைவினைக் கௌரவத்தையும் பெற்றார். 1913 இல் அந்த முதியவர் தன் செய்முறைக் குறிப்புகளோடு கென்ஸான் என்ற பெயரையும் இந்த இருவருக்கும் கொடுத்தார். ஒருவர் வெள்ளைக்காரர், மற்றவர் சித்திரமும் கட்டடக் கலையும் படித்தவர். இருவருமே குயவர் வீட்டில் பிறந்தவர்கள் அல்லர். தொழில் என்பது பிறப்பால் வரும் என்று நம்பும் நம்மைப் போன்ற சமூகங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விடயம்.

1919 இல் அபிகோ என்ற ஊரில் லீச்சின் பட்டறை தீப்பற்றி அழிந்தது. தோக்கியோவில் மறுபடி ஒரு சூளை கட்டிக்கொடுத்தார்கள். 1920 இல் ஹமாடாவையும் அழைத்துக்கொண்டு அவர் இங்கிலாந்துக்குப் போய் சென்ற் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பட்டறை தொடங்கினார். அதற்கு முந்திய இந்தச் சிறு இடைவெளியில்தான் இந்திய மாணவர் அவர்களோடு பழகினார். லீச், ஹமாடா, டொமிமோத்தோ, அவர்களின் சிந்தனையாளரான யனாகி சோயெட்சு ஆகியோரின் நட்பு அவருக்கு ஆயுள் முழுவதும் நிலைத்த பார்வையைக் கொடுத்தது. பெயர் தெரியாத கிராமத்துக் கைவினைஞன் தினசரிப் பாவனைக்கென்று செய்த சாதாரணப் பாத்திரத்திலும் அழகு இருக்கிறது என்பதுதான் அந்தப் பார்வை. ஹமாடா கடைசிவரை குச்சியால் சுழற்றும் கைச்சக்கரத்தையே பாவித்தார். இந்தியக் கிராமத்துக் குயவரும் தன் சக்கரத்தைக் குச்சியால்தான் சுழற்றுகிறார். உலகமே போற்றும் கலைஞனும் ஊர் ஒதுக்கிவைத்த குயவனும் ஒரே கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

போரில் பிடிபட்ட குயவர்கள்

ஜப்பானிய மட்பாண்டத்தின் வரலாற்றில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியா மீது படையெடுத்தன. திரும்பிப் போகும்போது அவர்கள் அள்ளிச் சென்றவற்றில் மனிதர்களும் இருந்தார்கள். குறிப்பாகக் குயவர்கள். குடும்பம் குடும்பமாகப் பிடித்துக் கப்பலேற்றி, தெற்கே கியூஷு தீவில் குடியேற்றினார்கள். யி சாம் பியோங் என்ற கொரியக் குயவர் 1616 இல் அரிட்டா என்ற ஊரில் வெண்களி மண்ணைக் கண்டுபிடித்தார் என்றும், ஜப்பானின் பீங்கான் தொழில் அங்கேயே தொடங்கியது என்றும் மரபு சொல்கிறது. இன்று அரிட்டாவில் அவருக்கு வழிபாடும் நினைவுத்தூணும் உண்டு. சத்சுமாப் பகுதியில் குடியேற்றப்பட்ட ஷிம் குடும்பத்தார் நானூறு ஆண்டுகள் தாண்டியும் தங்கள் கொரியப் பெயரோடு அதே தொழிலைச் செய்துவருகிறார்கள்.

உலகம் வியக்கும் ஜப்பானிய மட்பாண்டத்தின் வேரில் போர்க்கைதிகளின் கைகள் இருக்கின்றன. அவர்களிடமிருந்து ஊரைப் பறித்தார்கள், மொழி மெல்ல மெல்லப் போனது; கைக்குள் இருந்ததை மட்டும் பறிக்க முடியவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்டு மலையில் இறக்கிவிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளையான எனக்கும், முள்ளிவாய்க்காலிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தவர்களுக்கும் இது தூரத்துக் கதையல்ல.

குருசரண் தோக்கியோவில் இருந்த ஆண்டுகளில் கொரியா ஜப்பானின் கொலனியாக இருந்தது. 1919 மார்ச்சில் கொரியர்கள் விடுதலை கேட்டு எழுந்தபோது அந்த எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. அந்த வேளையில் யனாகி தன் நாட்டுப் பத்திரிகையிலேயே கொரியர்களுக்காக எழுதினார். 1922 இல் சியோல் அரண்மனையின் பிரதான வாயிலை இடிக்கும் திட்டத்துக்கு எதிராகவும் எழுதினார். 1924 இல் அதே அரண்மனை வளாகத்தில் கொரியக் கைவினைகளுக்கு ஒரு நூதனசாலை அமைத்தார். அவருடைய பார்வையைப் பின்னாளில் கொரியர்கள் சிலர் விமர்சித்ததும் உண்டு. எனினும் அடக்குகிற இனத்துக்குள் இருந்துகொண்டு அடக்கப்படுகிறவர்களின் பானையையும் வாயிலையும் காக்க எழுதிய ஒருவரோடு அந்த இந்திய மாணவர் பழகினார் என்பது சிறிய விடயமல்ல.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

1922 இல் குருசரண் டில்லிக்குத் திரும்பினார். அதற்கு அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பெரும் நிலநடுக்கம் தோக்கியோவைத் தரைமட்டமாக்கியபோது அவர் படித்த பள்ளியும் அழிந்தது.

ஜப்பானில் படித்து வந்தவர் என்பதற்காக ஒன்றும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பூச்சுக் கொடுத்த கைவனைப் பாத்திரத்தைக் கலைப் பொருளாக வாங்கும் வழக்கம் அன்றைய டில்லியில் இல்லை. வசதியானவர்களுக்கு இங்கிலாந்துப் பீங்கான். மற்றவர்களுக்குப் பித்தளையும் பச்சைமண் பானையும். அவர் பட்டறையில் ஓடுகளும் பாத்திரங்களும் செய்தார். பிறகு உத்தியோகம் பார்த்தார். இடையில் 1947 வந்தது. பஞ்சாப் இரண்டாக வெட்டப்பட்டது. டில்லியிலிருந்து முஸ்லிம்கள் இலட்சக்கணக்கில் வெளியேற, மேற்குப் பஞ்சாபிலிருந்து இந்துக்களும் சீக்கியர்களும் அகதிகளாக வந்து குவிந்தார்கள். அவர் மக்களான சீக்கியர் அந்தப் பிரிவினையில் இழந்தவை கொஞ்சமல்ல.

1952 இல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தன் ஐம்பதுகளில், டில்லியில் தன் சொந்தப் பட்டறையை அவர் திறந்தார். டெல்லி புளூ என்பது அதன் பெயர். அகதிகளால் நிறைந்த நகரம் தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த வேளை. அதே ஆண்டில்தான் இந்திய அரசு கைவினைப் பொருட்களுக்கென ஒரு தேசிய சபையை அமைத்து, அகதிகளைக் குடியேற்றுவதில் உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயாவை அதற்குத் தலைவராக்கியது. கைத்தொழில் என்பது நூதனசாலைப் பொருள் மட்டுமல்ல, வீடிழந்தவர்களின் சோறும்தான் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது.

அப்துல்லாவிடம் கற்ற நீலத்தையும் ஜப்பானில் கற்ற உயர்வெப்ப முறையையும் அந்தப் பட்டறையில் அவர் சேர்த்தார். சாதாரண மண்பானை ஆயிரம் பாகை செல்சியசுக்குக் கீழேயே சுடப்படுகிறது, நீரை உறிஞ்சும். 1200 பாகைக்கு மேலே பொருத்தமான களிமண் கல்லைப்போல இறுகிவிடும், நீர் கசியாது. ஸ்டோன்வேர் என்று அதைச் சொல்வார்கள். கிண்ணம், கூஜா, சாடி, கட்டடங்களுக்கான சாளர ஓடு என்று அவர் செய்தவை வீடுகளுக்குள் போயின.

அதைவிட முக்கியம், அவர் கதவைத் திறந்து வைத்திருந்ததுதான். பழக வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். இன்று இந்தியாவில் பெயர்பெற்ற மட்பாண்டக் கலைஞர்கள் பலரின் வழி அங்கே போய் முடிகிறது. அவர் மகன் மன்சிம்ரன் சிங் இங்கிலாந்துக்குப் போய் லீச்சின் பட்டறையிலேயே வேலை பழகினார். பிறகு இமாச்சலத்தின் ஆந்திரெட்டா கிராமத்தில் பட்டறை அமைத்தார். 1979 இல், லீச் மறைந்த அதே ஆண்டில், இந்திய மட்பாண்டம் பற்றிய குருசரணின் நூல் வெளிவந்தது. 1991 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு அவர் வழியைத் தொடர ஒரு நம்பிக்கை நிதியமும் அமைந்தது. 1995 இல், நூறை நெருங்கிய வயதில் அவர் காலமானார்.

தமிழ் மண்ணுக்கும் இதே ஜப்பானிய வழி வேறொரு பாதையில் வந்தது. ஜப்பானின் பிசென் ஊரில் ஒரு குருவிடம் வேலை பழகிய டெபோரா ஸ்மித்தும் அவர் துணைவர் ரே மீக்கரும் 1971 இல் புதுச்சேரியில் பட்டறை தொடங்கினார்கள். புதுச்சேரி இன்று மட்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர்.

ஊவாவிலிருந்து பார்க்கும்போது

நமக்கும் இந்தக் கதையில் ஒரு நூலிழை உண்டு. கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமியும் புவிச்சரிதவியல் படித்தவர். 1903 இல் இலங்கையின் கனிமங்களை ஆய்வு செய்ய வந்தவர், கல்லைத் தேடி ஊரூராய் நடந்தபோது அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். 1908 இல் கண்டிய சிங்களக் கலைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். குயவர் தொழிலும் அதில் இருக்கிறது. அந்த ஆய்வில் உடனிருந்த அவருடைய முதல் மனைவி எதெல், பின்னாளில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் கைநெசவுப் பட்டறை நடத்தினார். லீச்சும் ஹமாடாவும் அவரைப் பார்க்கப் போனார்கள். அந்த வீட்டின் கைவினை வாழ்க்கை ஹமாடாவின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இன்னொரு தொழில் இருக்கலாம் என்று நூற்றைம்பது ஆண்டுகளாக யாரும் நினைத்ததில்லை. விடியப் பெரட்டுக்குப் போக வேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கவ்வாத்து வெட்டிய மிலாரைக் கட்டி வந்து அடுப்பெரிக்க வேண்டும். அந்த மிலார்ச் சாம்பலைக் கழுவிச் சலித்து, களிமண்ணோடும் பெல்ஸ்பார்க் கல்லோடும் கலந்தால் உயர்வெப்பச் சூளையில் அது கண்ணாடிப் பூச்சாகும். ஜப்பானியக் குயவர்கள் காலங்காலமாக மரச் சாம்பலில் இதைத்தான் செய்கிறார்கள். பெல்ஸ்பார் மாத்தளையில் கிடைக்கிறது. அங்கே 1970களின் தொடக்கத்திலிருந்து ஜப்பானியப் பீங்கான் தொழிற்சாலையே இயங்குகிறது. மண்ணும் கல்லும் சாம்பலும் இங்கே இருக்கின்றன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் லயங்களை மூடிய மண்ணும் இதே மலை மண்தான். நம் மக்கள் அதில் கூலியாக நின்றார்கள், அதில் புதைந்தார்கள்; அதை வைத்து ஒன்றைச் செய்ய அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

வடக்கில் இருந்த தொடர்களையும் போர் அறுத்தது. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை போரோடு நின்றுபோனது. இடம்பெயர்ந்த குயவர் குடும்பங்கள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள்.

2010 இல் மீள்குடியேறிய நாட்களில் எனக்கும் ஒரு தொழிற்பயிற்சி கிடைத்தது. மூன்று நாள். மதியச் சாப்பாடு, கடைசி நாளில் சான்றிதழ், எல்லோரும் நின்று ஒரு படம். நடத்தியவர்கள் அடுத்த ஊருக்குப் போனார்கள். அந்தச் சான்றிதழ் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அந்தத் தொழில் என் கையில் இல்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கிற பலரின் வீட்டிலும் அப்படியொரு சான்றிதழ் இருக்கும்.

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். குருசரண் சிங்கின் கதையில் நான் அடிக்கடி நினைப்பது ராம்சிங் காபுலியை. அவர் கலைஞரல்ல; செங்கல் வியாபாரி. ஆனால் ஓர் இளைஞனை முதலில் அப்துல்லாவின் பக்கத்தில் உட்காரவிட்டார். பிறகு கடல் தாண்டி அனுப்பினார். அதன் பலன் முழுமையாகத் தெரிய முப்பது ஆண்டுகள் பிடித்தது.

இன்று மலையகத்துக்கும் வன்னிக்கும் உதவ விரும்புகிறவர்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நூறு பேருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கும் காசில், இரண்டு பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் ஒரு நல்ல கைவினைஞரின் பக்கத்தில் இருத்தலாம். அது மட்பாண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தச்சாகவோ நெசவாகவோ இருக்கலாம். அந்த இரண்டு ஆண்டும் வீட்டில் அடுப்பெரிய ஒரு தொகை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய் அந்தப் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எந்தச் சாதிப் பிள்ளை எந்தத் தொழிலைப் பழகினாலும் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கற்றுத்தரக்கூடிய முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.